மற்ற நோயாளிகள் எங்கே போனார்கள்?

மைசூரு தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டின் பூக்கடைகளையும் வாழைப்பழ வரிசையையும் தாண்டி சயாஜி ராவ் ரோட்டில் வடக்கே நடந்தால், இர்வின் ரோடு வந்து சேரும் இடத்தில் கே.ஆர். ஆஸ்பத்திரி நிற்கிறது. ஊரார் பேச்சில் அது ‘தொட்டாஸ்பத்திரெ’. பக்கத்திலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான செலுவாம்பா ஆஸ்பத்திரி. இரண்டும் மைசூரு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவை. மண்டியா, சாமராஜநகர், குடகு என்று சுற்று மாவட்டங்களின் கிராமத்து ஜனங்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து இங்கேதான் வருகிறார்கள். எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களும் அந்த ஓ.பி. வரிசையில் உண்டு. சுகர் மாத்திரை வாங்க வந்தவர், வலிப்பு மாத்திரை தீர்ந்துபோனவர், காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தவர், ஒன்பதாம் மாத வயிற்றோடு ஸ்கேனுக்குக் காத்திருப்பவர், மூன்று வாரமாக இருமல் நிற்காதவர் என்று நீளும் அந்த வரிசை, எந்தச் செய்தித்தாளிலும் செய்தியாவதில்லை. ஒரு நாட்டின் சுகாதாரத்தை அன்றாடம் தாங்கிக்கொண்டிருப்பது அந்த வரிசைதான். 2020 மார்ச்சில் அது திடீரென்று மெலிந்துபோனது. மைசூருவில் மட்டுமா? மும்பையில், காத்மாண்டுவில், ஆப்பிரிக்க நகரங்களில், ஏழை நாடுகள் நெடுகிலும் அதே கதை. கொரோனா வந்ததால் சர்க்கரை நோய் விடுப்பு எடுத்துக்கொள்ளவில்லை. பிரசவ வலி ஊரடங்குக்குக் காத்திருக்கவில்லை. அந்த நோயாளிகள் எங்கே போனார்கள் என்ற கேள்வியை நாம் இன்னும் சரியாகக் கேட்டு முடிக்கவில்லை.

மைசூரு அந்தக் காலகட்டத்தை எதிர்கொண்ட விதத்தில் பாராட்ட வேண்டியதும் உண்டு. நஞ்சன்கூட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஊழியர்களிடம் மார்ச் இறுதியில் தொடங்கிய தொற்று, ஒருவரிடமிருந்து ஒருவராக 70-க்கும் மேற்பட்டோருக்குப் பரவியது. ஏப்ரலில் பெங்களூருவுக்கு அடுத்தபடி மைசூரு மாவட்டத்தில்தான் அதிக நோயாளிகள். மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் மைசூரு சிவப்பு மண்டலம். அப்போது மாவட்ட நிர்வாகம் கே.ஆர்.எஸ். ரோட்டிலிருந்த புதிய மாவட்ட மருத்துவமனைக் கட்டடத்தைக் கோவிட் மருத்துவமனையாக ஒதுக்கியது. நோயாளிகளைத் தனிக் கட்டடத்தில் வைத்துப் பார்ப்பது சரியான முடிவு. ஆனால் கட்டடத்தைப் பிரித்துவிட்டால் மட்டும் போதாது. டாக்டர், நர்ஸ், ஆய்வகம், ஆம்புலன்ஸ், ஆக்சிஜன் எல்லாம் ஒரே கையிருப்பிலிருந்துதான் இரண்டு பக்கத்துக்கும் போக வேண்டும். ஒரு பக்கம் கூடும்போது மறுபக்கம் குறையும். அப்படிக் குறையும்போது எதைக் குறைக்கலாம், எதில் கைவைக்கவே கூடாது என்று முன்கூட்டியே தீர்மானித்து, எழுதி, பணம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். நம்மிடம் அது இருக்கவில்லை, இன்றும் இல்லை. கொள்ளைநோய்க் காலத்தில் சாதாரண மருத்துவச் சேவை தொடர்வதை அதிகாரிகளின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடக் கூடாது, அதை அரசின் சட்டக் கடமையாக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

காசநோயிலிருந்து தொடங்கலாம். 2019-இல் இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் ஏறத்தாழ 24 லட்சம் பேர். 2020-இல் அது 18 லட்சமாகச் சரிந்தது. நோய் குறைந்ததால் வந்த சரிவு என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். அந்த ஆறு லட்சம் பேர் இருமிக்கொண்டே வீட்டில் இருந்தார்கள். மருந்து எடுக்காத நுரையீரல் காசநோயாளி ஒருவர் ஒரு வருடத்தில் 10 முதல் 15 பேருக்கு நோயைத் தொற்ற வைக்கக்கூடும் என்பது காசநோய்த் திட்டத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சளி மாதிரியில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்க மாவட்டந்தோறும் வைத்திருந்த சிபிநாட், ட்ரூநாட் கருவிகளை 2020 ஏப்ரலில் கோவிட் பரிசோதனைக்கும் பயன்படுத்தலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அனுமதித்தது. ஆர்.டி.-பி.சி.ஆர். ஆய்வகம் இல்லாத ஊர்களில் அது பெரிய உதவிதான். ஆனால் ஒரு கருவிக்குள் ஒரே நேரத்தில் இத்தனை மாதிரிகளைத்தான் வைக்க முடியும். காலையில் வந்த மூக்குச் சளி மாதிரிகள் உள்ளே போனால், காசநோய்ச் சளி டப்பா மேசையிலேயே இருக்கும். கருவியோடு அதை இயக்கும் டெக்னீஷியனும், வீடு வீடாகப் போய் மாத்திரை போட்டாரா என்று பார்க்கும் களப்பணியாளரும் சேர்ந்தே போனார்கள். உலக அளவில் 2019-இல் 71 லட்சமாக இருந்த புதிய காசநோய்ப் பதிவுகள் 2020-இல் 58 லட்சமாயின. பத்தாண்டுகளுக்கும் மேலாகக் குறைந்துவந்த காசநோய் மரணங்கள் அந்த வருடம் மீண்டும் ஏறின. மைசூருவில் கோவிட் மருத்துவமனை அமைந்த அதே கே.ஆர்.எஸ். ரோட்டில்தான், காசநோய்க்கு இரையான இளவரசி கிருஷ்ணாஜம்மணியின் பெயரில் நூறு வருடங்களுக்கு முன் எழுந்த பி.கே.டி.பி. சானடோரியமும் இருக்கிறது. அந்த நோய் இந்த ஊருக்கு அவ்வளவு பழையது.

காசநோயாவது மெதுவாகக் கொல்லும். டயாலிசிஸ் நோயாளிக்கு அந்த அவகாசம் கிடையாது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இரத்தத்தைச் சுத்திகரிக்காவிட்டால் உடம்பில் நீரும் நஞ்சும் ஏறி, சில நாட்களில் உயிர் போகும். ராஜஸ்தானில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களை இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் தொலைபேசியில் பின்தொடர்ந்தார்கள். 2020 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் அவர்களிடையே மரணம் 64% கூடியிருந்தது. பெண்களிடமும் ஏழைகளிடமும் மருத்துவமனையிலிருந்து தொலைவில் வசித்தவர்களிடமும் அந்த ஏற்றம் அதிகம். முக்கியக் காரணங்களாக ஆய்வு சுட்டியவை இரண்டு: போக வண்டி இல்லை, போனாலும் ஆஸ்பத்திரியில் சேவை தடைபட்டிருந்தது. கர்நாடகத்தில் அரசுப் பேருந்துகள் மே 19 அன்றுதான் திரும்ப ஓடத் தொடங்கின. ஏறத்தாழ எட்டு வாரம் பஸ் இல்லாத ஒரு கிராமத்து நோயாளிக்கு, மாவட்டத் தலைநகரில் ஆஸ்பத்திரி திறந்திருந்து என்ன பயன்? அதே மாதங்களில் கர்நாடக – கேரள எல்லையில் மண்ணைக் கொட்டி ரோட்டை அடைத்தார்கள். காசர்கோட்டு ஜனங்களுக்கு மங்களூரு ஆஸ்பத்திரிகள்தான் வழக்கம். தலப்பாடி சோதனைச் சாவடியில் வண்டிகள் நிறுத்தப்பட்டு, உரிய நேரத்தில் சிகிச்சைக்குப் போக முடியாமல் உயிர்கள் போயின. ஏப்ரல் 1 அன்று கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டு, மருத்துவ அவசரத்துக்காவது வழிவிடச் செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. பேருந்தும் எல்லைச் சாவடியும் சுகாதாரத் துறையின் கையில் இல்லை. நோயாளியின் உயிர் அவற்றின் கையில் இருந்தது.

புற்றுநோயில் சேதம் இன்னும் அமைதியானது. இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரை பதிவான புதிய நோயாளிகள், முந்தைய வருடத்தின் அதே மாதங்களைவிட 54% குறைவு. பெரிய அறுவை சிகிச்சைகள் ஏறத்தாழப் பாதியாயின. முதல் கட்டத்தில் வந்திருக்க வேண்டிய மார்புக் கட்டி மூன்றாம் கட்டத்தில் வந்து சேரும்போது, அதைக் கொரோனாவின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

பிரசவத்துக்கு நேபாளத்தின் தரவே துல்லியமானது. அங்கே ஒன்பது மருத்துவமனைகளில் ஊரடங்குக்கு முன்பும் ஊரடங்கின்போதும் நடந்த பிரசவங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். மருத்துவமனைப் பிரசவங்கள் பாதிக்கும் கீழே போயின. 1,000 பிரசவங்களில் இறந்தே பிறந்தவை 14-இலிருந்து 21 ஆயின. பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் முன்பே இறந்த சிசுக்கள் ஆயிரத்துக்கு 13-இலிருந்து 40 ஆயின. கொரோனாக் கிருமி பச்சிளங்குழந்தைகளை அப்படிக் கொல்லும் கிருமியே இல்லை. தாமதமாக வந்த தாய்மார், குறைந்துபோன கவனிப்பு, தொடப் பயந்த கைகள் இவற்றின் விளைவு அது. தடுப்பூசியிலும் இதே போக்குதான். இந்தியாவில் முத்தடுப்பு ஊசியின் முதல் தவணைகூடக் கிடைக்காத குழந்தைகள் 2019-இல் 14 லட்சம். 2020-இல் 30 லட்சம். 2022 இறுதியில் மும்பை கோவண்டிக் குடிசைப் பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது நாடே அதிர்ந்தது. தவறிய ஊசிகளின் கணக்கைப் பார்த்திருந்தவர்களுக்கு அது எதிர்பார்த்த விஷயம்.

இதையெல்லாம் முன்கூட்டி யார் அறிந்திருக்க முடியும் என்று கேட்கலாம். அறிந்திருந்தோம். 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா 11,300-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதே காலத்தில் கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் மருத்துவ வசதி பாதியாகக் குறைந்ததால் மலேரியா, எச்.ஐ.வி., காசநோய் ஆகிய மூன்றுக்கு மட்டுமே கூடுதலாக 10,600 பேர் இறந்திருப்பார்கள் என்று ஒரு மதிப்பீடு வந்தது. ஒரு எபோலாவுக்குள் இன்னொரு எபோலா. காங்கோவில் 2018-இல் தொடங்கிய எபோலா 2,287 பேரைப் பலிகொண்டு உலகத் தலைப்புச் செய்தியானது. அதே நாட்டில் அதே காலத்தில் தட்டம்மை 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை. இந்தப் பாடங்களை வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 25 அன்றே, அதாவது நம் தேசிய ஊரடங்கின் முதல் நாளிலேயே, அவசியச் சேவைகளைத் தொடர்வது எப்படி என்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நம் மத்திய சுகாதார அமைச்சகமும் ஏப்ரல் 14 அன்று தன் குறிப்பை வெளியிட்டது. கோவிட் அல்லாத சிகிச்சைக்குத் தனி மருத்துவமனைகளைக் குறித்து வையுங்கள், நாள்பட்ட நோயாளிகளுக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுங்கள், பிரசவமும் தடுப்பூசியும் நிற்கக் கூடாது என்றெல்லாம் நல்ல யோசனைகள் அதில் இருந்தன. ஆனால் அது வந்தபோது ஊரடங்குக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. மேலும் அது வெறும் வழிகாட்டிக் குறிப்பு. பின்பற்றாத மாவட்டத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது; பின்பற்ற நினைத்த மாவட்டத்துக்குத் தனியாக ஒரு ரூபாயும் இல்லை.

இங்கேதான் சட்டத்தின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது ஆங்கில அரசு அவசரமாக இயற்றியது 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். நான்கே பிரிவுகள். கப்பலைத் தடுத்து வைக்கலாம், பயணிகளைச் சோதிக்கலாம், தனிமைப்படுத்தலாம், மீறினால் தண்டிக்கலாம், நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மீது வழக்குப் போட முடியாது. மக்களுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பது பற்றி ஒரு வரி இல்லை. 2020-இல் நாடு பூட்டப்பட்டபோதும் மாநிலங்கள் கையில் எடுத்தது அதைத்தான். கர்நாடகம் அதே வருடம் தனக்கென்று ஒரு தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சுகாதார ஊழியரைத் தாக்குவோருக்குத் தண்டனை அதில் உண்டு. அது மிக அவசியம். ஆனால் எந்தச் சேவை எந்த நிலையிலும் நிற்கக் கூடாது என்ற அட்டவணை அதிலும் இல்லை. எஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறதே என்றால், அது ஊழியர் வேலைநிறுத்தம் செய்வதைத் தடுக்கும் சட்டம். ஊழியர் பணியை நிறுத்தினால் குற்றம்; அரசே சேவையை நிறுத்தினால் குற்றமில்லை.

மைசூருவின் சொந்த வரலாறே இதைவிட விசாலமான பார்வையைக் காட்டுகிறது. 1898-இல் பிளேக் இந்த நகரத்தைத் தாக்கிய பின், மன்னராட்சி வெறுமனே தடையுத்தரவு போட்டுவிட்டு ஓய்ந்துவிடவில்லை. 1903-இல் நகர மேம்பாட்டு வாரியத்தை அமைத்து, நெரிசலான பேட்டைகளைத் திறந்துவிட்டு, காற்றோட்டமுள்ள புதுக் குடியிருப்புகளை உருவாக்கியது. 1930-இல் மைசூர் அரசு தன் மருத்துவமனைகளில் குடும்பக் கட்டுப்பாட்டு மையங்களைத் திறந்தது; உலகில் ஓர் அரசே நடத்திய முதல் மையங்கள் என்று அவற்றை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஒரு நோய் வந்தால் அந்த ஒரு நோயை மட்டும் பார்ப்பது இந்த ஊரின் பழக்கமாக இருந்ததில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்தால் அதுவே தொற்று பரவும் இடமாகிவிடாதா என்பது முதலாவது. நியாயமான பயம். எந்த மருந்தும் தடுப்பூசியும் இல்லாத 2020-இன் முதல் மாதங்களில் காத்திருப்போர் கூடம் உண்மையிலேயே ஆபத்தான இடம். இதை எடைபோட்டுப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. ஆப்பிரிக்காவில் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசியைத் தொடர்ந்தால், ஊசி போட வந்துபோவதால் கோவிட் தொற்றி நேரும் ஒவ்வொரு கூடுதல் மரணத்துக்கும் எதிராக 84 குழந்தைகளின் உயிர் காப்பாற்றப்படும் என்று 2020-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த கணக்கு சொன்னது. அந்த மதிப்பீட்டின் கீழ் எல்லையை எடுத்துக்கொண்டாலும் 14 உயிர்கள். இது இளவயதினர் அதிகமுள்ள ஆப்பிரிக்காவுக்கான கணக்கு என்பதையும், எழுபது வயது இதய நோயாளியை ஓ.பி. வரிசையில் நிற்க வைப்பதற்கு இதே எண் பொருந்தாது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அந்த முதியவர் ஆஸ்பத்திரிக்கு வரவே தேவையில்லாதபடி சேவை அவரைத் தேடிப் போக வேண்டும் என்கிறேன். சேவையைத் தொடர்வது என்றால் பழைய வரிசையை அப்படியே நிற்க வைப்பது என்று அர்த்தமில்லை.

ஆளும் இல்லை, பணமும் இல்லை, எல்லாவற்றையும் எப்படிச் செய்வது என்பது இரண்டாவது மறுப்பு. ஏழை நாடுகளின் சுகாதார அமைச்சர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். பொய்யும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கண்புரை அறுவை மூன்று மாதம் காத்திருக்கும். வலியில்லாத குடலிறக்கம் காத்திருக்கும். பிரசவம், டயாலிசிஸ், இன்சுலின், காசநோய் மாத்திரை, குழந்தைத் தடுப்பூசி, வலிப்பு மருந்து, கீமோதெரபி, பாம்புக்கடி ஊசி இவை காத்திருக்கமாட்டா. இந்தப் பட்டியலைப் போட அதிகப் பணம் வேண்டாம். அமைதியான காலத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கும் பொறுப்பு வேண்டும். கொரோனா நடுவில், இரவு பதினொரு மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து போட்டால் அது தவறாகத்தான் போகும். மருந்தைப் பொறுத்தவரை வழி எளிது. மாதந்தோறும் வரச் சொல்லி வாங்கும் சுகர், பி.பி. மாத்திரையை இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் பாதி வரிசை குறையும். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்கள் 2020-இல் இரண்டு மாத மாத்திரையை ஒரே முறையில் கொடுக்கத் தொடங்கின. இலங்கையில் அதே வருடம் கிளினிக் நோயாளிகளின் மருந்துகளை மருத்துவமனைகள் பொட்டலமிட, தபால்காரர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். புதிதாக எந்தக் கட்டமைப்பும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த தபால் பையில் மாத்திரையும் ஏறிக்கொண்டது.

தமிழ்நாடு இதிலிருந்து ஒரு படி மேலே போனது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுத்த தன்னார்வலப் பெண்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். படுக்கையில் கிடப்போருக்கு வலிநிவாரணச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே. இரண்டாம் அலை தணிந்துகொண்டிருந்த நேரத்தில், ஊரடங்கில் விட்டுப்போன நாள்பட்ட நோயாளிகளைத் திரும்பச் சேர்க்கும் எண்ணமும் இதன் பின்னால் இருந்தது. 2020-இல் மாநிலத்தில் எடுத்த ஆய்வில் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3% பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8% பேருக்கும்தான் நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. மருத்துவத்தில் முன்னேறிய மாநிலத்திலேயே இந்த நிலை. திட்டத்தின் எல்லா எண்களையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அரசியல் மேடையில் எண்கள் பெருகுவது சகஜம். ஆனால் வடிவமைப்பு சரியானது. நாளை இன்னொரு தொற்று வந்து பஸ் நின்றால், அந்தப் பெண் தன் தெருவிலேயேதான் இருப்பார். கர்நாடகம் இதைக் கூர்ந்து பார்த்தால் நல்லது.

மக்கள்தான் பயந்து வரவில்லை, நாங்கள் மூடவில்லை என்பார்கள் சிலர். பயம் உண்மை. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா வரும், போனவரைத் திருப்பி அனுப்பமாட்டார்கள், தெருவை அடைத்துத் தகடு அடிப்பார்கள் என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருந்தது. அந்தப் பயத்தைப் போக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார்: தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஆஷா சுகாதாரப் பணியாளர். கர்ப்பிணியின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி செலுவாம்பாவுக்குக் கூட்டிவருபவரும், குழந்தைக்கு ஊசி நாள் எது என்று நினைவூட்டுபவரும் அவர்தான். அவரை நாம் வெளியூரிலிருந்து வந்தவர் யார், காய்ச்சல் யாருக்கு என்று வீடு வீடாகக் கணக்கெடுக்க அனுப்பினோம். ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள். சில இடங்களில் அடித்தார்கள். முகக்கவசமும் சானிடைசரும் பல இடங்களில் சரியாகக் கிடைக்கவில்லை. 2020 ஜூலை 10 முதல் கர்நாடகத்தில் ஏறத்தாழ 42,000 ஆஷாக்கள் மாதம் 12,000 ரூபாய் நிரந்தர ஊதியம் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொன்னவர்கள், அவர்கள் இல்லாத நாட்களில் எத்தனை கர்ப்பிணிகளுக்கு இரத்தசோகை மாத்திரை போய்ச் சேரவில்லை என்று கேட்டிருக்கலாம். சேவை தொடர வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்லுமானால், அந்தச் சேவையைச் சுமக்கும் பெண்ணுக்குச் சம்பளம் தருவதும் அதற்குள்ளேயே அடங்கும்.

டாக்டர்களின் சுமையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதே வருடம் ஆகஸ்டில் நஞ்சன்கூடு வட்டார சுகாதார அதிகாரி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மேலிடத்தின் பணி அழுத்தமே காரணம் என்று குடும்பத்தாரும் சக மருத்துவர்களும் குற்றம்சாட்ட, மாவட்டத்து அரசு மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். தாய்சேய் நலமும் தடுப்பூசியும் காசநோயும் ஒரு வட்டார சுகாதார அதிகாரியின் வழக்கமான வேலை. அதன் மேல் கோவிட் வந்து ஏறியது. கீழே எதையும் யாரும் இறக்கி வைக்கவில்லை.

எனக்கு மிகவும் சிரமம் தரும் மறுப்பை இனிதான் சொல்லப் போகிறேன். 2020 மே மாதம் வந்த ஒரு புகழ்பெற்ற மதிப்பீடு, 118 ஏழை, நடுத்தர நாடுகளில் சேவைகள் மிக மோசமாகத் தடைபட்டால் ஆறே மாதத்தில் கூடுதலாக 11.57 லட்சம் குழந்தைகளும் 56,700 தாய்மாரும் இறப்பார்கள் என்று எச்சரித்தது. அந்த மிக மோசமான நிலை வரவில்லை. இந்தியாவின் அதிகாரப்பூர்வக் கணக்கில் பேறுகால மரணம் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 103-இலிருந்து 97 ஆகவும், கர்நாடகத்தில் 83-இலிருந்து 69 ஆகவும் குறைந்தது. அப்படியானால் பயமுறுத்தியது வீண்தானே? இல்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அந்த 97, 69 எல்லாம் 2018 முதல் 2020 வரையிலான மூன்று வருடச் சராசரி. பெருந்தொற்றின் ஒன்பது மாதம் அதற்குள் கரைந்துபோகிறது. 2021-இன் உலகக் கணக்கு வந்தபோது தெரிந்தது வேறு: 2020-இல் 2,82,000 ஆக இருந்த பேறுகால மரணங்கள் அந்த ஒரே வருடத்தில் 3,22,000 ஆக ஏறின. கோவிட்டின் நேரடிச் சிக்கலும் சேவைத் தடையும் சேர்ந்து செய்த வேலை அது. அடுத்த காரணம் இன்னும் முக்கியம். மோசமான நிலை வராமல் போனதற்கு, 108 வண்டிகள் ஓடியதும், பெரும்பாலான பிரசவ அறைகளில் விளக்கு எரிந்ததும், ஊர்ச் செவிலியர் ஒருவழியாகத் தடுப்பூசியைத் திரும்பத் தொடங்கியதுமே காரணம். எச்சரிக்கை பலித்ததா என்று பார்ப்பதைவிட, எங்கே சேவை நின்றதோ அங்கே என்ன ஆனது என்று பார்ப்பதே சரியான சோதனை. நேபாளத்தின் ஒன்பது மருத்துவமனைகளும் ராஜஸ்தானின் டயாலிசிஸ் நோயாளிகளும் அதற்கு விடை சொல்கிறார்கள். காசநோய்ப் பதிவுகள் 2022-இல் 24 லட்சத்துக்குத் திரும்பிவிட்டன என்று ஆறுதல் சொல்வோருக்கும் இதுவே பதில்: பதிவேடு திரும்பிவிடும், இடையில் இறந்தவர் திரும்பமாட்டார்.

சாதாரண சேவை ஒருபுறம், தொற்றுக்கால ஆயத்தம் மறுபுறம் என்று பிரித்துப் பேசுவதே எவ்வளவு தவறு என்பதை மைசூருவின் பக்கத்து மாவட்டம் காட்டியது. 2021 மே 2 இரவுக்கும் மறுநாளுக்கும் இடையில் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் 24 நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் தீர்ந்துபோயிருந்தது. நிரப்பிய சிலிண்டர்களுக்கு அந்த மாவட்டம் மைசூருவை எதிர்பார்த்து நின்றது. மாநில உயர் நீதிமன்றம் குழு அமைத்து விசாரித்தது. அந்த ஆக்சிஜன் கோவிட்டுக்கு மட்டும் உரிய பொருளா? நிமோனியாக் குழந்தைக்கும், மூச்சுத் திணறும் குறைமாதச் சிசுவுக்கும், சிசேரியன் மேசையில் கிடக்கும் தாய்க்கும் வருடம் முழுதும் தேவைப்படும் பொருள். அவர்களுக்காகப் போதிய ஆக்சிஜன் வசதியை முன்பே அமைத்திருந்தால், 2021-இல் அது கைகொடுத்திருக்கும். கூடுதல் வார்டு, கூடுதல் வென்டிலேட்டர் என்று தொற்றுக்காக மட்டும் வாங்கியவை பல இடங்களில் அப்புறம் மூலையில் கிடக்கின்றன. அன்றாட வேலைக்கு என்று போடும் பணம்தான் ஆபத்துக் காலத்திலும் ஓடும்.

உலக அளவிலும் காற்று இந்தத் திசையில்தான் வீசுகிறது. 2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தம், தடுப்பூசி, மருந்துப் பங்கீடு என்ற பெரிய சண்டைகளுக்கு நடுவே, தொற்றுக்காலத்திலும் வழக்கமான, அவசியமான சேவைகளைத் தாங்கும் வலு சுகாதார அமைப்புகளுக்கு வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறது. ஆனால் ஜெனிவாவில் எழுதிய வாசகம் இர்வின் ரோட்டுக்கு வந்து சேர ஒரு மாநிலச் சட்டம் வேண்டும். சுகாதாரம் நம் அரசியல் சாசனத்தில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது.

கர்நாடகத்தின் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஓர் அத்தியாயம் சேர்த்தால் போதும். நிற்கக் கூடாத சேவைகளின் அட்டவணையை மாநில அரசு அமைதிக் காலத்திலேயே அறிவித்து, ஒவ்வொரு மாவட்டமும் எந்தச் சேவை எந்தக் கட்டடத்தில் தொடரும் என்று பெயர் குறித்து வைக்க வேண்டும். ஏழைகளுக்கு மாவட்டத்தில் இருக்கும் ஒரே பிரசவ ஆஸ்பத்திரியையோ ஒரே டயாலிசிஸ் மையத்தையோ மாற்று ஏற்பாடு இயங்கத் தொடங்கும் முன் எந்த அதிகாரியும் வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது. பஸ்ஸை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்திடும் அதிகாரியே, டயாலிசிஸ், கீமோ, பிரசவ நோயாளிகளுக்கான வண்டிக்கும் அதே தாளில் கையெழுத்திட வேண்டும். கோவிட் எண்ணிக்கையைப் போலவே, அந்த வாரம் நடந்த பிரசவங்கள், போட்ட ஊசிகள், தவறிய டயாலிசிஸ்கள், புதிதாகப் பதிவான காசநோயாளிகள் எல்லாம் வாரந்தோறும் மாவட்ட வாரியாக மக்களுக்குத் தெரிய வேண்டும். 2020-இல் மாலை தோறும் தொலைக்காட்சியில் பாசிட்டிவ் எத்தனை, மரணம் எத்தனை என்று சொன்னோம்; அந்த அட்டவணையில் இன்னும் நான்கு கட்டங்கள் இருந்திருந்தால், ஏப்ரல் மாதத்திலேயே யாராவது கேட்டிருப்பார்கள். ஆறு லட்சம் காசநோயாளிகளைக் காணவில்லை என்பது வருடம் முடிந்து அறிக்கை வரும்வரை காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இல்லை. அந்த எண்கள் அப்போதும் சுகாதாரத் துறையின் கணினியில் மாதாமாதம் ஏறிக்கொண்டுதான் இருந்தன. வெளியே சொல்லும் கடமை யாருக்கும் இருக்கவில்லை. அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் யார் வேண்டுமானாலும் ஒரு தனிநபர் மசோதாவாகவாவது இதைக் கொண்டுவரலாம்.